செக் கேஸை வக்கீல் வைக்காமல் நானே நடத்த முடியுமா?

03.11.2025, காலை. திண்டுக்கல் வாசகர்

கைமாற்றாகக் கொடுத்த 3,40,000 ரூபாய்க்கு வாங்கிய செக், கணக்கில் பணம் போதவில்லை என்று திரும்பிவிட்டது. செக்கில் தேதி 04.08.2025. பேங்க் கொடுத்த ரிட்டர்ன் மெமோவில் 10.10.2025. செக் கொடுத்தவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், என் கணக்கு திண்டுக்கல் கிளையில். வக்கீல் ஃபீஸ் கட்டுப்படி ஆகவில்லை, நானே நடத்தலாம் என்று இருக்கிறேன். கிரிமினல் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு இல்லாமல் வாயே திறக்க விடமாட்டார்கள் என்கிறார் மருமகன். எது சரி? கேஸ் கோயம்புத்தூரில் போட வேண்டுமா?

03.11.2025, இரவு. வாய்தா (பதில் எழுதுபவரின் புனைபெயர்)

மருமகன் சொல்வது தப்பு. தன் வழக்கில் தானே பேச யாருக்கும் தடை இல்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ல் போடுவது தனிப்புகார். போலீஸும் கிடையாது, அரசு வக்கீலும் கிடையாது. புகார்தாரரே நேரில் நடத்தலாம்.

அது கிடக்கட்டும். நோட்டீஸ் அனுப்பியாயிற்றா? பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் அனுப்பவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். செக் திரும்பிய தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் 138 செத்தது. 10.10-ஐ விட்டுவிட்டு எண்ணினால் 30-ஆவது நாள் 09.11.2025.

வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம். செக் எண், தேதி, தொகை, எந்த பேங்க், எந்தக் கிளை, என்ன காரணம் சொல்லித் திரும்பியது, எதற்காகக் கொடுத்த பணம், ‘இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் 3,40,000 ரூபாய் தரவும்’. அவ்வளவுதான். திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது. கதையும் வேண்டாம்.

கேஸ் திண்டுக்கல்லில்தான். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பணம் பெறுகிறவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய கோர்ட். செக்கை மதுரைக் கிளையில் போட்டிருந்தாலும் கணக்கு திண்டுக்கல் என்றால் திண்டுக்கல்தான்.

03.11.2025, இரவு, பத்து நிமிடம் கழித்து. வாய்தா

மேலே 09.11 என்று எழுதிவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன். அன்று ஞாயிறு. கடைசி நாள் விடுமுறை என்றால் மறுநாள் செய்யலாம் என்பது கோர்ட்டில் தாக்கல் செய்கிற காரியத்துக்கு. நோட்டீஸுக்கும் அது பொருந்தும் என்று வாதாடிப் பார்க்கிற நிலைமையை நீங்களாக வரவழைத்துக்கொள்ள வேண்டாம். 05.11 குருநானக் ஜெயந்தி, தபால் ஆபீஸ் லீவு. நாளைக்கே போடுங்கள்.

04.11.2025. காப்பியிஸ்ட் (இன்னொருவர், இதுவும் புனைபெயர்)

நோட்டீஸில் கேட்கும் தொகையைப் பற்றி ஒன்று. செக்கில் இருக்கும் தொகை எதுவோ அதே தொகை. ஒரு ரூபாய் கூடக்கூடாது, குறையக்கூடாது. காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் செக் ஒரு கோடிக்கு, நோட்டீஸில் இரண்டு கோடி என்று அடித்துவிட்டார்கள். டைப் பண்ணும்போது நேர்ந்த பிழை என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் அதை ஏற்கவில்லை, கேஸ் போயிற்று. வட்டி, நோட்டீஸ் செலவு கேட்டே ஆக வேண்டும் என்றால் செக் தொகையைத் தனி வரியில், மற்றதைத் தனி வரியில். ‘எல்லாம் சேர்த்து மொத்தம் இவ்வளவு’ என்று மட்டும் கேட்கக்கூடாது.

இன்னொன்று, செக் வாங்கிய பிறகு நடுவில் ஏதாவது பணம் திருப்பித் தந்தாரா? தந்திருந்தால் அதைச் செக்கில் குறித்த பிறகே பேங்கில் போட்டிருக்க வேண்டும். குறிக்காமல் முழுத்தொகைக்குப் போட்டிருந்தால் 138 நிற்காது, 2022-ல் தசரத்பாய் படேல் வழக்கில் தீர்ந்துபோன விஷயம்.

04.11.2025, மதியம். திண்டுக்கல் வாசகர்

ஒரு பைசா திரும்பி வரவில்லை. நோட்டீஸ் போட்டாயிற்று. பதிவுத் தபால் என்றேன், அது இப்போது இல்லை என்கிறார் கவுண்டரில்.

04.11.2025. வாய்தா

தனியாக இல்லை. விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அதிலேயே ‘பதிவு’ என்று கூடுதல் சேவை இருக்கிறது, விலாசதாரர் கையில் மட்டும் கொடுக்க. அதைக் கேட்டு வாங்கியிருந்தால் சரி, இல்லாவிட்டால் இன்றைக்கே இன்னொரு பிரதியை அப்படிப் போடுங்கள். பொதுப் பிரிவுகள் சட்டம் 27 ‘பதிவுத் தபால்’ என்றுதான் பேசுகிறது. எதிர்த்தரப்பு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டும்.

சரியான விலாசத்துக்குப் போன நோட்டீஸ் ‘வாங்க மறுப்பு’, ‘கதவு பூட்டு’ என்று திரும்பினாலும் கிடைத்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும் (அலவி ஹாஜி வழக்கு, 2007). திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள். மூடிய கவராகவே கோர்ட்டில் கொடுக்க வேண்டும், உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

டிராக்கிங் பக்கத்தை டெலிவரி ஆன அன்றே அச்செடுக்கவும். தபால் துறை தளத்தில் அது ரொம்ப நாள் இருக்காது.

ஒரிஜினல் செக்கை லாமினேட் செய்யாதீர்கள். சிரிக்க வேண்டாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேப்ளர் பின்னும் கையெழுத்து மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நகல் எடுத்துவிட்டு ஒரு கவரில் போட்டு வைக்கவும். ரிட்டர்ன் மெமோவில் பேங்க் முத்திரை இருக்கிறதா? சில கிளைகள் வெறும் கம்ப்யூட்டர் தாளை நீட்டும். முத்திரை இருந்தால்தான் 146-ஆம் பிரிவின்படி அந்தச் சீட்டே சாட்சியாகிவிடும், பேங்க் மேனேஜரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

10.11.2025. திண்டுக்கல் வாசகர்

07.11 அன்று அவர் கையில் கொடுத்ததாக டிராக்கிங் காட்டுகிறது. இந்த வாரமே கேஸ் போட்டுவிடலாமா?

10.11.2025. வாய்தா

கூடாது. 15 நாள் அவருக்குச் சட்டம் கொடுத்த அவகாசம். அது முடிவதற்குள் போட்ட புகார் புகாரே அல்ல, கோர்ட் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் 15 நாள் கடந்திருந்தாலும் செல்லாது (யோகேந்திர பிரதாப் சிங் வழக்கு, 2014). 07.11-ஐ விட்டு எண்ணினால் 22.11 வரை அவர் நாள். 23.11 அன்று வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அதிலிருந்து 30 நாளுக்குள் தாக்கல்.

11.11.2025. காப்பியிஸ்ட்

30 நாள் அல்ல, ஒரு மாதம். சட்டத்தில் நோட்டீஸுக்கு ‘30 நாள்’, புகாருக்கு ‘ஒரு மாதம்’ என்று வேறு வேறாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மாதம் என்றால் காலண்டர் மாதம். 23.11 என்றால் 23.12.2025 வரை.

11.11.2025. வாய்தா

சரி, திருத்திக்கொள்கிறேன். இந்தக் கணக்கில் வித்தியாசம் வரவில்லை என்பது நவம்பருக்கு 30 நாள் என்பதால் கிடைத்த அதிர்ஷ்டம்.

ஆனால் 23.12 வரை காத்திருக்காதீர்கள். 24.11 திங்களன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு மனு போடலாம், 142-ல் இடம் இருக்கிறது. அந்த வழியில் இறங்கினால் மூல வழக்கு ஓரமாகக் கிடக்கும், மன்னிப்பு மனுவுக்கே ஆறு வாய்தா.

15.11.2025. வாய்தா

புகார் மனு எப்படி எழுதுவது என்று திண்டுக்கல் வாசகர் கேட்டிருக்கிறார். தமிழிலேயே எழுதலாம், கீழமை நீதிமன்றங்களில் அது முறைதான். மெட்ராஸ் ஹைகோர்ட் வரை போனால்தான் மனு ஆங்கிலத்தில்.

முதலில் ஒரு பக்கச் சுருக்கம். சஞ்சபீஜ் தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொன்னது இது. ஒவ்வொரு செக் புகாரின் முகப்பிலும் தரப்பினர் விவரம், செக் விவரம், திரும்பிய தேதி, நோட்டீஸ் தேதி, வழக்குமூலம் எழுந்த தேதி, கேட்கும் பரிகாரம் எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். எதிரியின் மெயில், வாட்ஸ்அப் எண்ணும் கொடுத்து, அது அவருடையதுதான் என்று பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். சம்மனைப் புகார்தாரரும் தன் கையால் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. தபால்காரரும் கோர்ட் ஆட்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

பிறகு மனு. எண் போட்ட பத்திகள். ஒரு பத்தியில் ஒரு விஷயம். பணம் எப்போது, எப்படி, எங்கே வைத்துக் கொடுத்தீர்கள். செக் எப்போது கைக்கு வந்தது. பேங்கில் போட்டது, திரும்பியது, நோட்டீஸ், டெலிவரி, 15 நாள் முடிந்தது, பணம் வரவில்லை. திண்டுக்கல் கோர்ட்டுக்கு ஏன் அதிகாரம். ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல், கையெழுத்து. கூடவே முதல் விசாரணைக்கான பிரமாணப் பத்திரம் (145-ஆம் பிரிவு), நோட்டரி முன்னால் கையெழுத்திட்டது. வக்கீல் இல்லாமல் நானே நடத்த அனுமதி வேண்டும் என்று ஒரு சின்ன மனுவும் வையுங்கள், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 339-ஐக் குறிப்பிட்டு. அது இல்லாமலும் ஓடும் கோர்ட்டுகள் உண்டு. இருந்தால் பெஞ்ச் கிளார்க் கேள்வி கேட்க இடமில்லை.

கோர்ட்டுக்கு ஒன்று, எதிரிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. இ-ஃபைலிங் முதலில் செய்துவிட்டு வரச் சொல்கிறார்களா என்று ஃபைலிங் பிரிவில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளவும். தளத்தில் வக்கீல் அல்லாத தரப்பினரும் பதிவு செய்துகொள்ளலாம்.

நோட்டீஸ், புகார், பிரமாணப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நோட்டீஸில் ‘ஜனவரி’, புகாரில் ‘பொங்கலுக்கு முன்’, பிரமாணத்தில் ‘பிப்ரவரி’ என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைய வேலை முடிந்தது. தேதி நிச்சயமாகத் தெரியாவிட்டால் மூன்றிலும் ஒரே மாதிரித் தெரியாமல் இருங்கள்.

16.11.2025. திண்டுக்கல் வாசகர்

பாதிப் பணம் ரொக்கமாகக் கொடுத்தேன், பாதி கணக்கு வழியாக. மாசம் இரண்டு வட்டி பேச்சு. வருமான வரிக் கணக்கில் காட்டவில்லை. இது பிரச்சினையா?

16.11.2025. வாய்தா

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

வரிச் சட்டம் 269எஸ்எஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது என்கிறது. அதன் அபராதம் வாங்கியவருக்கு, கொடுத்தவருக்கு அல்ல. ரொக்கம் என்பதாலேயே கடன் செல்லாமல் போகாது, இதுவும் மேலே சொன்ன சஞ்சபீஜ் தாரி தீர்ப்பிலேயே இருக்கிறது. சட்டத்தில் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது சாட்சியத்தில். 139-ஆம் பிரிவு உங்கள் பக்கம். செக்கில் கையெழுத்து அவருடையது என்றால் கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று கோர்ட் அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது அவர் பாடு. ஆனால் அந்த அனுமானத்தை உடைக்க அவர் கூண்டு ஏற வேண்டியதில்லை. உங்களைக் குறுக்கு விசாரணை செய்தே உடைக்கலாம். அதற்குப் பிடித்த ஆயுதம் ‘இவ்வளவு பணம் உங்களிடம் ஏது?’ என்ற கேள்வி. 2019-ல் பசலிங்கப்பா வழக்கில் எதிரி தப்பித்தது அப்படித்தான். ரொக்கப் பாதிக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று ஒரு தாளாவது வேண்டும். நகை அடகுச் சீட்டு, நிலம் விற்ற பத்திரம், பேங்கில் எடுத்த பதிவு, ஏதாவது.

வட்டியைப் பற்றி: நோட்டீஸில் கேட்கவில்லை என்று நம்புகிறேன். புகாரிலும் வேண்டாம். கந்துவட்டிச் சட்டம் 2003 என்று ஒன்று இருக்கிறது, வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்கு உரிமம் இருக்கிறதா என்ற கேள்வியும் வரும். ஆனால் கூண்டில் நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது.

03.12.2025. திண்டுக்கல் வாசகர்

24.11 அன்று கொடுத்தேன். இன்று ரிட்டர்ன் போட்டிருக்கிறார்கள். டிராக்கிங் தாளுக்குச் சான்று இல்லையாம், ஆவணப் பட்டியலில் பக்க எண் இல்லையாம். தள்ளுபடியா?

03.12.2025. காப்பியிஸ்ட்

தள்ளுபடி இல்லை. ரிட்டர்ன் என்பது குறை சரிசெய்து திரும்பக் கொடு என்பது. முகப்பில் எத்தனை நாள் என்று எழுதியிருப்பார்கள், அதற்குள் ஒவ்வொரு குறைக்கும் எதிரே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு மறுபடி தாக்கல். வக்கீல்களுக்கே இரண்டு மூன்று ரிட்டர்ன் வரும்.

டிராக்கிங் அச்சு, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், பேங்க் ஆப்பில் எடுத்த ஸ்டேட்மென்ட் எல்லாமே மின்னணு ஆவணம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய் இப்போது பாரதிய சாட்சிய சட்டம் 63. சான்று இரண்டு பாகம்: ‘அ’ பாகத்தில் நீங்கள், ‘ஆ’ பாகத்தில் தொழில்நுட்பம் தெரிந்தவர், ஹாஷ் எண்ணோடு (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்). படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இந்த ஹாஷ் எண் கிடைப்பதற்குள் பலர் டிராக்கிங்கையே கைவிட்டுவிடுகிறார்கள். உங்களிடம் டெலிவரி ஒப்புகைச் சீட்டு தனியாக இருந்தால் அதைக் காட்டிவிட்டு டிராக்கிங்கை விட்டுவிடலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஆப்பில் எடுக்காமல் கிளையில் சான்றோடு வாங்கவும்.

04.12.2025. வாய்தா

வேறொருவர், ஃபிரிட்ஜ் கம்பெனி மேல் இதே மாதிரி நானே போடலாமா என்று கேட்டிருக்கிறார். அது நுகர்வோர் ஆணையம், வேறு உலகம், வக்கீல் இல்லாதவருக்காகவே கட்டியது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். குடும்ப நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல்: அங்கே வக்கீல் வைப்பதுதான் உரிமை அல்ல, கோர்ட் அனுமதித்தால் உண்டு. மீதியைத் தனி இழையில் கேளுங்கள்.

09.01.2026. திண்டுக்கல் வாசகர்

எண் ஆகிவிட்டது. எஸ்.டி.சி. (சுருக்கமுறை விசாரணை வழக்கு) என்று போட்டிருக்கிறது. சம்மன் பிப்ரவரிக்கு. நான் ஒரு நாள் போக முடியாவிட்டால் மருமகன் போய்ப் பேசலாமா?

09.01.2026. வாய்தா

மருமகன் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். பேச முடியாது. வக்கீல் அல்லாதவர் இன்னொருவருக்காகப் பேச வழக்கறிஞர்கள் சட்டம் 32-ன் கீழ் அந்த வழக்குக்கென்று கோர்ட் அனுமதிக்க வேண்டும், அது அபூர்வம். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அவர் புகார் போடலாம், விஷயம் நேரில் தெரிந்தவர் என்றால் சாட்சி சொல்லலாம். பவர் பத்திரம் வக்காலத்து ஆகாது.

நீங்கள் போகாமல் இருப்பதுதான் இந்த வழக்கில் பெரிய ஆபத்து. புகார்தாரர் வராவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 279-ன்படி எதிரியை விடுதலை செய்துவிடலாம். தள்ளுபடி அல்ல, விடுதலை. மேல்முறையீட்டுக்குத்தான் போக வேண்டும். புகார்தாரரும் பாதிக்கப்பட்டவர்தான், அனுமதி கேட்காமலே மேல்முறையீடு செய்யலாம் என்று செலஸ்டியம் ஃபைனான்ஷியல் வழக்கில் 2025-ல் வழி திறந்துவிட்டார்கள், ஆனாலும் ஒரு நாள் பஸ் தவறியதற்கு அது நீண்ட சுற்று. வர முடியாத நாளில் காரணத்தோடு ஆஜர் விலக்கு மனுவைக் காலையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

காலை 10.30-க்கு டவாலி கூப்பிடத் தொடங்கிவிடுவார். பத்து மணிக்கு இருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கும் சி.என்.ஆர். எண் 16 இலக்கம், அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த தேதி தெரியும். ஆனால் ஆப்பை மட்டும் நம்பாமல் பெஞ்ச் கிளார்க் டைரியில் பார்த்துக்கொண்டு வரவும். கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டி போடாதீர்கள், சாதாரண உடுப்பு போதும். நீதித்துறை நடுவரை ‘ஐயா’ என்றோ ‘அம்மா’ என்றோ அழைத்தால் போதும்.

18.01.2026. வாய்தா

இன்று குறுக்கு விசாரணையைப் பற்றி எழுதுகிறேன். வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கூண்டில் ஏறினால் நீங்கள் சாட்சி மட்டும்தான். வக்கீல் வேலை கீழே இறங்கிய பிறகு. கேள்வி ஏடாகூடமாக இருந்தாலும் நீங்களே ஆட்சேபித்து வாதாடக்கூடாது, ‘கேள்வி புரியவில்லை ஐயா’ என்று நடுவரைப் பார்த்துச் சொல்லலாம்.

பெரும்பாலும் கேள்வி பதிவாகாது. கேள்வியும் பதிலும் சேர்ந்து நீங்கள் சொன்ன வாக்கியமாக டைப் ஆகும். ‘செக்கில் தொகையை நீங்கதானே எழுதினீங்க?’ ‘ஆமா, அவர் சொல்லித்தான்...’ என்று இழுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். தாளில் இருப்பது: ‘செக்கில் தொகையை நான்தான் எழுதினேன்.’ அவர் சொல்லித்தான் என்பது காற்றோடு போயிற்று. ஆகவே முக்கியமான பாதியை முன்னால் சொல்லுங்கள்: ‘அவர் கேட்டுக்கொண்டதால் நான் எழுதினேன், கையெழுத்து அவருடையது.’ தொகையை வேறு கை எழுதியதாலேயே செக் கெட்டுவிடாது (பீர் சிங் வழக்கு, 2019). பாதி வாக்கியம்தான் கெடுக்கும்.

அப்புறம் யோசனைக் கேள்விகள். ‘நீங்கள் எதிரிக்குக் கடனே கொடுக்கவில்லை என்று சொன்னால்?’ இதற்கு நம் வாயில் தானாக வருவது ‘இல்லை’. எதற்கு இல்லை? கொடுக்கவில்லை என்பதற்கா, சொல்வது சரியில்லை என்பதற்கா? தமிழில் இரண்டுக்கும் அதே ஒரு வார்த்தை. ‘சரியல்ல’ என்று சொல்லுங்கள். ‘நான் கடன் கொடுக்கவில்லை என்று சொன்னால் சரியல்ல’ என்று பதிவாகும். கீழ்க்கோர்ட் சாட்சியங்களைப் படித்தால் பக்கம் பக்கமாக இந்தச் ‘சரியல்ல’ வரும், அது காரணத்தோடு வருகிறது.

தெரியாததற்கு ‘தெரியாது’. மறந்ததற்கு ‘ஞாபகம் இல்லை’. இரண்டும் ஒன்றல்ல.

குறுக்கு விசாரணை முடிந்ததும் உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்டு விளக்கம் வாங்க (மறுவிசாரணை) உங்கள் பக்கம் ஆள் இல்லை. விட்டுப்போன விளக்கம் ஏதாவது இருந்தால் இறங்கும் முன், ‘ஒரு பதிலுக்கு விளக்கம் சொல்ல அனுமதி வேண்டும்’ என்று கேளுங்கள், குறுக்கு விசாரணையில் எழுந்த விஷயத்துக்கு மட்டும். கையெழுத்துப் போடும் முன் டைப் ஆனதை முழுக்கப் படியுங்கள். நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாலும் படியுங்கள். பிழை இருந்தால் அப்போதே சொன்னால்தான் திருத்த முடியும்.

19.01.2026. வாய்தா

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்ததில் எனக்கே ஒரு மறுயோசனை. நவம்பரில் ‘நேரில் நடத்தலாம்’ என்றேன். தாக்கல், சம்மன், ஆவணம் குறியீடு செய்வது, உங்கள் சாட்சியம், இது வரைக்கும் அதையேதான் இன்றும் சொல்வேன். எதிரி தன் சாட்சியை ஏற்றினால், அவரைக் குறுக்கு விசாரணை செய்வது வேறு வித்தை. கோபத்தில் கேட்கும் ஒரு கேள்வி, ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்ற ரகத்தில் ஒன்று, அவருக்கு ஒரு பக்கம் கதை சொல்ல வாய்ப்புக் கொடுக்கும். அந்தக் கட்டத்துக்கு மட்டும் வக்கீல் வைப்பது தோல்வி அல்ல. நடுவில் வக்காலத்து போடலாம். ஆனால் போட்ட பிறகு பேசுவது அவர்தான், ஒரு வாய்தாவில் அவர், அடுத்ததில் நீங்கள் என்று மாறி மாறிப் பேச முடியாது.

கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு இருக்கும், 15100-க்கு ஃபோன் செய்தும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் கிடைக்கும், மற்றவர்களுக்கு வருமான வரம்பு.

20.01.2026. காப்பியிஸ்ட்

இரண்டு விட்டுப்போச்சு. எதிரி குற்றத்தை மறுத்ததும் 143ஏ-யில் இடைக்கால இழப்பீடு கேட்டு மனு போடலாம், செக் தொகையில் 20 சதவீதம் வரை. கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று இல்லை, கோர்ட் விருப்பம். கடைசியில் எதிரி விடுதலையானால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

மற்றது, செக் கேஸ் நடக்கிறது என்பதால் சிவில் வழக்கின் மூன்று வருஷக் கெடு நிற்காது. அது பாட்டுக்கு ஓடும். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பண வசூல் வழக்குக்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், உங்கள் தொகைக்கு 10,200.

17.02.2026. திண்டுக்கல் வாசகர்

சம்மன் வாங்கி முதல் வாய்தாவுக்கே வந்துவிட்டார், வக்கீலோடு. வெளியே வந்து சமாதானம் பேசுகிறார். 3,00,000 தருகிறாராம். ஒரு லட்சம் கையில், மீதிக்கு ஏப்ரல் தேதி போட்டு செக். கேஸை வாபஸ் வாங்க வேண்டுமாம்.

17.02.2026. வாய்தா

செக் திரும்பியதற்குப் போட்ட கேஸை முடிக்க இன்னொரு செக்.

சமாதானம் ஆகலாம், 147-ல் எந்தக் கட்டத்திலும் முடியும். எதிர்த்தரப்பு சாட்சியத்துக்கு முன்பே பணத்தைத் தந்துவிட்டால் அவருக்கு மேல்செலவும் கிடையாது. அதற்குப் பிறகு தீர்ப்புக்குள் என்றால் செக் தொகையில் 5 சதவீதம் அவர் கட்ட வேண்டும். இதை அவர் வக்கீலுக்கு நினைவூட்டுங்கள், வேகம் வரும். 40,000-ஐ விட்டுக்கொடுப்பதா என்பது உங்கள் கணக்கு. இரண்டு வருஷ வாய்தாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த ஏப்ரல் செக்கை வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் எழுதிவிட்டால், அதுவும் திரும்பினால் பழைய கேஸைத் தொடர முடியாது. புதுச் செக்குக்குப் புது நோட்டீஸ், புது 15 நாள், புதுப் புகார் (ஜிம்பெக்ஸ் வழக்கு, 2021). நவம்பரிலிருந்து செய்ததெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

தவணைதான் முடியும் என்கிறாரா, லோக் அதாலத்துக்கு அனுப்பச் சொல்லி இரண்டு பேரும் மெமோ கொடுங்கள். அங்கே பதிவாகும் சமாதானம் சிவில் டிகிரி மாதிரி நிறைவேற்றக்கூடியது, தவணை தவறினால் நேராக நிறைவேற்று மனு. எந்தத் தேதிக்கு எவ்வளவு, தவறினால் முழுத்தொகை 3,40,000-ம் உடனே தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

அதுவும் வேண்டாம் என்றால் அடுத்த வாய்தா தேதி வாங்குங்கள், அதற்குள் முழுப் பணமும் உங்கள் கணக்கில் ஏறட்டும், ஆர்.டி.ஜி.எஸ். போதும். பேங்க் பாஸ்புக்கில் வரவு அச்சான பிறகு சமாதான மெமோவில் கையெழுத்து. மெமோவை முன்கூட்டியே கையெழுத்திட்டு அவர் வக்கீலிடம் கொடுத்து வைக்கச் சொல்வார்கள். வேண்டாம்.